ஐந்தாவது துண்டு

அந்தக் கோப்பைத் திறந்த முதல் நாளே ஷ்யாம்சுந்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனம் நிறைந்து வருகிற சிரிப்பு அல்ல. எதிராளியின் கிழிந்த சட்டையைப் பார்த்தவுடன் நம் சட்டையை ஒரு தரம் நீவி விட்டுக்கொள்வோமே, அந்த வகைச் சிரிப்பு.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது அந்த அறக்கட்டளை. படுக்கையோடு கிடப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், ஆறாத புண்ணோடு இருப்பவர்கள், இவர்கள் வீட்டுக்கே நர்ஸ் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவதுதான் அதன் வேலை. குரோம்பேட்டையிலிருந்து மறைமலை நகர் வரை ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று நோயாளிகள். அத்தனை பேர் விலாசமும் ஒரே எக்செல் கோப்பில், ஆளுக்கொரு கட்டத்துக்குள் பொங்கல் மூட்டை மாதிரி திணித்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது வருஷமாகத் திணித்தவள் ஜான்சி.

ஜான்சிக்கு நாற்பத்திரண்டு வயது. பெருங்களத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரி. இரண்டு விரலால் தட்டச்சு செய்வாள். ஒவ்வொரு வரியையும் தட்டி முடித்ததும் உதட்டை அசைத்து ஒரு தரம் வாசித்துப் பார்ப்பாள். ஷ்யாம்சுந்தர் பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடிக் கட்டடத்தில், பதினோரு வருஷம் இருந்தவன். அந்தக் கட்டடம் ஒரே காலையில் இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அவனும் அனுப்பப்பட்டான். ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது இந்த மூன்று மாத ஒப்பந்தம். நர்ஸுகள் கையில் கொடுக்கப் போகிற செல்போன் செயலிக்கு நோயாளிகளின் பட்டியலைச் செப்பனிட்டுத் தர வேண்டும். பிடித்துப் போனால் நிரந்தரம். அந்த ‘பிடித்துப் போனால்’ என்ற சொல்லே அவனுக்குப் பிடிக்கவில்லை. தன்னை எடைபோட இங்கே யாருக்கு யோக்கியதை என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் படி ஏறினான்.

விலாசங்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அந்த ஊர் முழுவதின் மேலும் இளக்காரம் பிறந்தது. ஒரு வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. பேங்க் எதிரில், டேங்க் பின்னால், முன்னாள் கவுன்சிலர் சந்து. எந்த மனிதனுக்கும் தான் எங்கே குடியிருக்கிறோம் என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரியவில்லை. ஜான்சி அதில் ஒரு புண்ணியம் செய்திருந்தாள். இரண்டு எண்களுக்கும் நடுவே ஒரு சாய்கோடு போட்டிருந்தாள். மற்றதையெல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரித்திருந்தாள். கதவு எண், தெரு, பகுதி, பின்கோடு. நான்கு துண்டு.

“பரவாயில்லையே, கமா போடவாவது தெரிஞ்சிருக்கு” என்றான் ஷ்யாம்சுந்தர், பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி.

பக்கத்து மேஜையில் ஜான்சிதான் இருந்தாள். “சிஸ்டர் ஸ்கூல்ல அடிச்சி சொல்லிக் குடுத்தாங்க சார்” என்றாள். கிண்டல் அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அடுப்பு மூட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு நல்லவர் எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கிற பேக்கேஜை இறக்கிக்கொண்டால் போதும். அதற்குள் சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்கள் இருக்கும். அதில் ஒன்றின் வேலை நீளமான எழுத்துச் சரத்தை வெட்டுவது. எந்தக் குறியில் வெட்ட வேண்டும், எத்தனை துண்டு வேண்டும் என்று இரண்டு விஷயம் சொன்னால், கறிவேப்பிலை உருவுகிற மாதிரி உருவிப் போட்டுவிடும். ஷ்யாம்சுந்தர் காற்புள்ளியில் வெட்டு என்றான், நான்கு துண்டு என்றான்.

வெட்டவில்லை. நூற்றுப் பதினெட்டு வரிகளில் நான்குக்கு மேல் துண்டுகள் இருக்கின்றன, மிஞ்சியதை என்ன செய்யட்டும் என்று கேட்டு நின்றது. அந்த பேக்கேஜை எழுதியவர் எந்தத் தேசத்துக்காரரோ, இப்படியும் ஒரு நாள் வரும் என்று யோசித்திருக்கிறார். அதற்கு அவர் வழியும் வைத்திருந்தார். மிஞ்சியதைக் கடைசித் துண்டோடு ஒட்டிவிடலாம். அல்லது உதறிவிடலாம். ஒட்டுவதற்கு ஒரு சொல், உதறுவதற்கு ஒரு சொல். எது வேண்டுமோ அதைத் தட்ட வேண்டியதுதான்.

மிஞ்சியது என்னவென்று பார்த்தான் ஷ்யாம்சுந்தர். பார்த்தவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அலுவலகம் முழுவதும் கேட்கும்படி வாசித்தான்.

“‘நாய் கட்டியிருக்கும், குரைக்கும், கடிக்காது, பேர் ஜிம்மி.’ சரி. அடுத்தது கேளுங்க. ‘மருமகள் எதிரில் புண் எப்படி இருக்கு என்று கேட்க வேண்டாம், தனியாகக் கேட்கவும்.’ அடடா! ‘இடது பக்கம் பார்வை கிடையாது, வலது பக்கமாகப் போய் நிற்கவும்.’ ஏங்க, இது விலாசமா, வில்லுப்பாட்டா?”

டீ கொண்டுவந்த தபீதாள் சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள். ஜான்சி சிரிக்கவில்லை.

“அது நர்ஸுங்களுக்கு சார். போறப்ப தெரிஞ்சிக்கணும்ல.”

“நர்ஸுக்கு வேணும்னா நர்ஸ் கேட்டுக்கட்டும், ஜான்சி மேடம். மேப்ல புள்ளி வைக்கிறதுக்கு ஜிம்மி எதுக்கு?”

“ஜிம்மிய மேப்ல வைக்க வேணாம் சார். ஓரமா எழுதி வெச்சா போதும்.”

“ஓரமா வைக்க இது என்ன காய்கறிக் கூடையா?”

சொல்லிவிட்டு, உதறு என்பதற்கான சொல்லைத் தட்டினான். நான்கு எழுத்து. நோயாளிகள் பட்டியல், அதே கோப்பில் இருந்த ஊழியர்கள் பட்டியல், இரண்டும் நான்கு விநாடியில் வெட்டுப்பட்டு, குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. தபீதாள் வைத்துவிட்டுப் போன டீயைக் குடித்தான். டீயோடு ஒரு பன் இருந்தது. முதல் வாரத்திலிருந்தே தினமும் பத்தரை மணிக்கு ஒரு பன் வரும். தர்மக் கம்பெனி, தர்ம பன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே தினமும் அதைத் தின்றுவிடுவான். தனிக்கட்டை, காலையில் வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

செயலாளர் அனந்தகிருஷ்ணன் ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் மட்டும் கோயில் பிராகாரத்தில் நிற்கிறவர்போலக் கையைக் கட்டிக்கொள்வார்.

“நாலு செகண்டா? ஜான்சி ஒம்பது வருஷமா பண்ணினதா?”

“குப்பையை எடுத்தா எல்லாமே வேகமாத்தான் சார் ஓடும்” என்றான் ஷ்யாம்சுந்தர்.

அடுத்த வாரம் செயலி ஓடத் தொடங்கியது. எந்த நர்ஸ் எந்தப் பகுதிக்கு என்பதை இனி அதுவே சொல்லும். ஆறு வருஷமாக முடிச்சூருக்குப் போய்க்கொண்டிருந்த ஜெரூஷாவை அது வண்டலூருக்கு மாற்றியது. முடிச்சூருக்குப் புதிதாகச் சேர்ந்த ரேஷ்மா என்ற பெண் போனாள். ஜான்சிக்கு விலாச வேலை இல்லாமல் போனதால், கட்டுத் துணியும் பஞ்சும் அடுக்கி வைக்கிற பின்னறைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு நோயாளியின் பெயரிலும் ஒரு பாக்கெட் கட்டி வைக்க வேண்டும். அவள் தன் ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

ஜெரூஷாவுக்குத்தான் வாய் அதிகம். “இன்னா சார், உங்க மிஷினு என்னை வண்டலூருக்கு அனுப்பிட்ச்சே! புலிக்குக் கட்டுப் போடணுமா, கரடிக்கா? லிஸ்ட்டுல கொஞ்சம் பாத்து சொல்லுங்க” என்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

“பழகின இடத்துலேயே சுத்திக்கிட்டிருந்தா அது வேலை இல்லைங்க, விருந்தாடுறது” என்றான் அவன்.

செயலியில் ஒரு விதியும் இருந்தது. விதி புதிதல்ல, அனந்தகிருஷ்ணன் வைத்தது. காத்திருப்போர் பட்டியலில் எண்பது பேர் இருக்கிறார்கள். ஆகவே மூன்று முறை தொடர்ந்து போயும் வீடு பூட்டிக் கிடந்தால் அந்தப் பெயரை எடுத்துவிட்டு அடுத்தவரைச் சேர்க்க வேண்டும். ஜான்சி காலத்தில் அந்த விதி சுவரில் தொங்கியது, அவ்வளவுதான். யாரையாவது எடுக்க வேண்டி வந்தால் அவளே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது ஷ்யாம்சுந்தர் அதை இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தான். நர்ஸ் ‘வீடு பூட்டி’ என்ற பொத்தானை மூன்று தரம் அழுத்தினால் பெயர் தானாக விழுந்துவிடும்.

முதல் வாரக் கடைசியில் முப்பத்தொரு பெயர்கள் ஒன்றோ இரண்டோ பூட்டு வாங்கியிருந்தன. ஷ்யாம்சுந்தர் அதை அச்செடுத்து அனந்தகிருஷ்ணனிடம் கொடுத்தான். “பாருங்க சார், இத்தனை நாள் இல்லாத ஆளுங்களையெல்லாம் தூக்கி சுமந்துக்கிட்டு இருந்திருக்கீங்க.” அவர் வருத்தப்பட்டுத் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை அவன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

புதன்கிழமை மத்தியானம் ஜான்சி பின்னறையிலிருந்து வந்தாள். கையில் இரண்டு பாக்கெட். இரண்டிலும் அவள் கையெழுத்தில் ஒரே பெயர்.

“சார், ரத்தினபாய் பாக்கெட்டு ரெண்டு வாட்டி பிரிக்காம திரும்பி வந்திருக்கு.”

ஷ்யாம்சுந்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு எழுத்தைத் தட்டினான். “முடிச்சூர். ரெண்டு விசிட், ரெண்டும் வீடு பூட்டி. போன் எடுக்கலை. நாளைக்கு மூணாவது. க்ளோஸ்.”

“க்ளோஸ்னா?”

“பேர் போயிடும்.”

“அவங்க எங்கியும் போக மாட்டாங்க சார். சக்கரை. கால்ல குழிப் புண்ணு. மூணு நாளைக்கு ஒரு தரம் கட்டு மாத்தியே ஆவணும். இன்னியோட ஒம்போது நாளு சார்.”

“நர்ஸ் போய்ப் பார்த்து பூட்டுன்னு போட்டிருக்காங்க. நீங்க இங்க உக்காந்துக்கிட்டே திறந்திருக்குங்கறீங்க. யாரை நம்பறது?”

“நான் எழுதி வெச்சிருந்தேனே சார், எப்படிப் போவணும்னு.”

“மறுபடியும் ஜிம்மியா?”

ஜான்சி பாக்கெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் போய்ப் பாத்துட்டு வரேன் சார். நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

இவளுக்கு ஒரு பாடம் சொல்லித் தர இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது அவனுக்கு. பூட்டை போட்டோ எடுத்துக் காட்டிவிட்டால் இந்தக் கமா புராணம் இன்றோடு முடிந்துவிடும். எழுந்தான்.

அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டியிருந்தது. பின்னால் உட்காருகிறவருக்கென்று அவள் தனியாக ஒரு ஹெல்மெட் வைத்திருந்தாள். அதைத் துடைத்து அவனிடம் கொடுத்தாள். மத்தியான வெயிலில் முடிச்சூர் சாலை முழுவதும், இந்த ஊரில் தெரிந்தவர்கள் யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவன் கவலையாக இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் ஸ்கூட்டரில், மடியில் பஞ்சு மூட்டையோடு, கண்ணாடிக் கட்டடத்து ஷ்யாம்சுந்தர்!

பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருக்களை உயர்த்தி உயர்த்திப் போட்டதில், பழைய வீடுகளெல்லாம் முழங்கால் அளவு பள்ளத்தில் நின்றன. புதிதாக எழுந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே ரத்தினபாயின் வீடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் ஒரு ஷட்டர். ஷட்டரில் உள்ளங்கை அகலப் பூட்டு. பூட்டின் மேல் தூசி.

ஷ்யாம்சுந்தருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. செல்போனை எடுத்துப் பூட்டை ஒரு படம், கதவு எண்ணை ஒரு படம் எடுத்தான்.

“பழைய எண் ஆறு, புதிய எண் பதினாலு. கரெக்டா வந்திருக்கோம்ல? இது என்ன, பூட்டுதானே? இல்ல, இதுக்கும் ஓரமா ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

வீட்டுக்கும் அடுத்த காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து இருந்தது. ஜான்சி அதற்குள் நுழைந்தாள். அவனும் சட்டை சுவரில் உரசாமல் பார்த்துப் பார்த்துப் பின்னால் போனான். சந்து முடிகிற இடத்தில் ஒரு வேப்பமரம். மரத்தில் நீல நைலான் கயிறு ஒன்று கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போயிற்று. ஜான்சி அதைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தாள்.

ஜன்னலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான் ஷ்யாம்சுந்தர். அரை இருட்டு அறைக்குள், மேலே கட்டியிருந்த கொடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது. கயிற்றை இழுக்க இழுக்க அந்தத் துண்டு குதித்தது. கீழே கட்டிலில் படுத்திருந்த ஓர் உருவம் தலையைத் தூக்கியது.

“காது சுத்தமா கேக்காது சார்” என்றாள் ஜான்சி. “பெல்லு வெச்சி இன்னா பிரயோசனம்? அவங்களே கட்டி வெச்சது இது. முன்னாடி இருக்கறது குடோனு. வாடகைக்கு வுட்டது. அந்த ஆளு போன மாசம் காலி பண்ணிட்டான். நாம வெச்சிருந்த போன் நம்பரும் அவன்துதான்.”

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் தள்ளித் தள்ளி, அதைப் பிடித்துக்கொண்டே வந்து பின்கதவைத் திறந்தாள் ரத்தினபாய். அறுபது வயதிருக்கும். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கார் சீட்டுக்கு உறை தைத்தவள். அந்த மிஷின் சத்தத்தில் காதும் போயிற்று. தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் பேசுவதுபோல, தெருவுக்கே கேட்கப் பேசினாள்.

“இன்னாடி ஜான்சி, ஒம்போது நாளாச்சு! இருக்கறாளா செத்தாளான்னு பாக்க ஒரு நாதி இல்ல? செத்துட்டான்னே எழுதிட்டீங்களா?”

நாளைக்கு எழுதியிருப்போம் என்பது ஷ்யாம்சுந்தருக்குத் தெரியும். அவன் செல்போனில் இன்னும் அந்தப் பூட்டின் படம் திறந்தே இருந்தது.

அவள் காலைச் சுற்றி ஒரு பழைய பாவாடைத் துணி கட்டியிருந்தது. வெந்நீரில் போட்டு அலசி, காயவைத்து, அவளே கட்டிக்கொண்டது. அறையில் ஒரு வாடை அடித்தது. ஜான்சி குனிந்து பார்த்துவிட்டு உடனே ஜெரூஷாவுக்குப் போன் செய்தாள். இன்று அங்கே உனக்கு விசிட் காட்டவில்லை என்று செயலி சொன்னால் சொல்லட்டும், நீ வா என்றாள்.

ரத்தினபாய் இப்போதுதான் ஷ்யாம்சுந்தரை நன்றாகப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“யாருடி இந்த ஆளு? இன்னாத்துக்குப் போனைத் தூக்கிகினு நிக்கிறாரு? போட்டோ புடிச்சி பேப்பர்ல போடப் போறாரா?”

பின்கதவுப் பக்கத்தில் ஓர் ஆணியில், தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களைக் குத்தி வைத்திருந்தாள். வருகிறவர்கள் அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டித்தான் அவளோடு பேச வேண்டும். ஜான்சி ஒரு தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

ஷ்யாம்சுந்தர் காத்துக்கொண்டு நின்றான். என்ன எழுதுவாள் என்று அவனுக்குத் தெரியும். இந்த ஆள்தான், நான் எழுதி வைத்ததை உதறிப் போட்டது இந்த ஆள்தான். அவளிடத்தில் அவன் இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பான். பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருப்பான்.

ஜான்சி எழுதியதை அவன் அவள் தோளுக்கு மேலாகப் படித்தான். ‘புது ஆபீசர். உங்களைப் பாக்கணும்னு வந்தாரு.’

அவ்வளவுதான். ஒரு மனிதனை இகழ்ந்தால் அவன் திருப்பி இகழ்வான், கணக்கு நேராகிவிடும். இவள் நேராக விடவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஷ்யாம்சுந்தர் ஜன்னல் பக்கமாக நகர்ந்தான்.

ரத்தினபாய் தாளைப் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “பாக்கணும்னு வந்தியா? பாத்துட்டியா? சரி, அந்தப் பக்கம் நில்லு. இருக்கறதே ஒரு ஜன்னலு, வெளிச்சத்த மறைக்காத.”

அவன் நகர்ந்து நின்றான்.

அரை மணியில் ஜெரூஷா வந்தாள். கட்டைப் பிரித்தபோது அவள் வாய்த்துடுக்கெல்லாம் அடங்கிவிட்டது. “சார், இந்த பேசினைப் புடிங்க” என்றாள், யார் சார் என்று யோசிக்காமலே. அவன் பிடித்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க மிகவும் பிரயாசைப்பட்டான். ஒரு தரம் திருப்பிக்கொண்டுவிட்டான். ரத்தினபாய், வலி நெற்றியில் ஏறி நிற்கும்போதே, “ஆபீசரு மயக்கம் போட்டுடப் போறாரு, ஒரு நாற்காலி குடுங்கடி” என்றாள்.

கை கழுவும்போது ஜெரூஷா தணிந்த குரலில் சொன்னாள். “இன்னும் நாலு நாள் வுட்டிருந்தா பாதம் போயிருக்கும். சுண்டுவிரலு தப்புமான்னு திங்கக்கிழமதான் சொல்ல முடியும். ரேஷ்மாவைத் திட்டாதீங்க சார். அந்தப் பொண்ணு என்னா பண்ணும்? ஷட்டரைத்தான் தட்டிப் பாத்திருக்கும்.”

“தெரியும்” என்றான் ஷ்யாம்சுந்தர்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மணி நாலரை. பழைய கோப்பு அப்படியே இருந்தது, வெட்டினது பிரதியைத்தான். நல்லவேளை, இயந்திரத்துக்கும் மூலத்தை அழிக்க மனசு வருவதில்லை. நான்கு என்று இருந்த இடத்தில் ஐந்து என்று மாற்றினான். உதறு என்ற சொல்லை அழித்துவிட்டு ஒட்டு என்ற சொல்லைத் தட்டினான். அந்தச் சொல்லும் அங்கேயேதான், பக்கத்திலேயேதான் இருந்தது. இதுவும் நான்கு விநாடிதான் ஆனது.

ஐந்தாவது துண்டுகளை மேலிருந்து கீழாகப் படித்தான். இந்த முறை சத்தம் போட்டுப் படிக்கவில்லை. ‘ஞாயிறு காலை சர்ச்சுக்குத் தூக்கிப் போவார்கள், பதினொன்றுக்கு மேல் போகவும்.’ ‘மகன் இறந்தது தெரியாது. துபாயில் இருக்கிறார் என்றே சொல்லவும்.’ ‘படி ஏழு, நடுப்படி உடைந்தது.’ ‘பின்கட்டு, சந்து வழி, வேப்பமரம், நீலக் கயிற்றை இழுக்கவும். காது கேளாது. கோபமாகப் பேசுவார், கோபம் இல்லை.’ நூற்றுப் பதினேழு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி கொஞ்ச நேரம் நின்று, அடுத்து வருகிறவருக்காகக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாள். இதைத்தான் அவன் குப்பை என்றான்.

நூற்றுப் பதினேழு. பதினெட்டு இல்லையா? ஒன்று குறைந்தது. கோப்பின் அடுத்த பக்கத்தில் ஊழியர் பட்டியல் இருந்தது. பதினெட்டாவது அங்கே இருந்தது, கடைசி வரியில். ஷ்யாம்சுந்தர், கதவு எண், தெரு, குரோம்பேட்டை, பின்கோடு. அப்புறம் ஒரு காற்புள்ளி.

‘காலையில் சாப்பிடாமல் வருகிறார். பத்தரை டீயோடு ஒரு பன் கொடுக்கவும். கேட்க மாட்டார்.’

பக்கத்து மேஜைகளில் காலை டீக் கோப்பைகள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தன. எந்தக் கோப்பைக்கும் பக்கத்தில் பன் வைத்த தட்டு இல்லை. இத்தனை நாளும் இருந்ததில்லை. திரும்பிப் பார்க்கத்தான் அவனுக்குத் தோன்றியதில்லை. தன் தட்டில் இருந்ததைத் தின்றுகொண்டே கொடுத்தவளை ஏளனம் செய்திருக்கிறான்.

எழுந்து அனந்தகிருஷ்ணன் அறைக்குப் போனான். அவர் வெள்ளிக்கிழமைக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சிரித்தார். அவன் உட்காரவில்லை.

“சார், அந்த முப்பத்தொரு பேரும் அங்கேயேதான் இருக்காங்க. நான்தான் வழியை அழிச்சுட்டேன்.”

நடந்ததை நின்றபடியே சொன்னான். ஜிம்மியை வாசித்துச் சிரித்ததையும் சொன்னான். அனந்தகிருஷ்ணன் மேஜை மேலிருந்த சுவாமி படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு, “அந்த அம்மாவுக்கு விரல் தப்பட்டும்” என்றார். “தானா பேர் எடுக்கற அந்த விதியை முதல்ல நிறுத்துங்க. உங்க விஷயம் அப்புறம் பார்க்கலாம்.”

விதியை நிறுத்திவிட்டுப் பின்னறைக்குப் போனான். ஜான்சி ஸ்டூலில் உட்கார்ந்து, ரத்தினபாய் பெயரில் புதிதாக ஒரு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஜான்சி மேடம்...” என்று ஆரம்பித்தான். இந்த முறை அந்த மேடத்தில் கிண்டல் இல்லை.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “மன்னிப்பெல்லாம் வேணாம் சார், அதுக்கு நேரம் இல்ல. இன்னும் முப்பது வூடு கீது. நாளைக்கு எத்தினி மணிக்கு வரீங்க? சாப்ட்டு வாங்க. ரோட்டுல பன்னு கிடைக்காது.”

ஷ்யாம்சுந்தர் தன் மேஜைக்குத் திரும்பி வந்து ரத்தினபாயின் வரியைத் திறந்தான். கோபமாகப் பேசுவார், கோபம் இல்லை என்று ஜான்சி முடித்திருந்த இடத்தில் ஒரு காற்புள்ளி போட்டான். இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினான். தட்டி முடித்ததும் உதட்டை அசைத்து ஒரு தரம் வாசித்துப் பார்த்தான்.

‘ஜன்னல் ஒன்றுதான். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.’